தவழும் பிள்ளைக்கு எந்தப் பொம்மை? கடைப் பெட்டியா, மரச்செப்பா, திருவிழாக் கடையா, சொந்தக்காரர் கொடுத்த பழசா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். பிள்ளைக்கு எட்டு மாதம். கையில் எது கிடைத்தாலும் நேராக வாய்க்குத்தான் போகிறது. மாமியார், "நாங்கெல்லாம் மரச்செப்புலதான் வளத்தோம், அதை வாங்கு" என்கிறார். வீட்டுக்காரர் ராத்திரி ராத்திரியாக ஃபோனில் தள்ளுபடி பார்த்து ஆறு பொம்மைகளைத் தேர்ந்து வைத்திருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், தன் பிள்ளைகள் விளையாடி முடித்த சாமான்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவருகிறார். போதாக்குறைக்குச் சித்திரைத் திருவிழாவும் வருகிறது. எதை வாங்க, எதை வேண்டாமென்று சொல்ல?

இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலரும் கேட்டுவிட்டார்கள். "பிளாஸ்டிக்கா, மரமா?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் யோசித்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு ரப்பர் வாத்து.

அண்ணன் மகனுக்கு அப்போது பதினோரு மாதம். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், மதுரை கோரிப்பாளையம் பக்கம் போட்டிருந்த ஒரு கடையில் அமுக்கினால் கீச்சென்று கத்தும் வாத்து ஒன்றை வாங்கி வந்தோம். இரண்டு நாள் நன்றாகக் கத்தியது. மூன்றாம் நாள் சத்தம் நின்றுபோனது. உடைந்துவிட்டது என்று நினைத்தோமே தவிர, அந்தச் சத்தத்தைக் கொடுக்கும் குட்டி விசில் எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. அது பிள்ளையின் வாயில் இருந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டி, சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். மதினி அவனைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் நாலு தட்டுத் தட்டியதும் தெறித்து விழுந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வாத்து ரப்பரா, மரமா, துணியா என்பதற்கும் அன்று நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உள்ளே ஒரு துண்டு இருந்தது, அது கழன்றது, பிள்ளையின் தொண்டைக்குள் போகிற அளவில் இருந்தது. விஷயம் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

## முதலில், எதை வைத்து அளப்பது

என் கணக்கில் நாலு கேள்விகள். முதல் இரண்டும்தான் உயிர் காப்பவை.

ஒன்று: அளவு. மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க உலகம் முழுக்க ஒரு சின்ன உருளையைப் பயன்படுத்துகிறார்கள். உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மில்லிமீட்டர் என்று சரிவாக இருக்கும். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பந்து, கோலி மாதிரி உருண்டையானவற்றுக்கு அளவு இன்னும் பெரிது. அமெரிக்கச் சட்டத்தில் 44.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் நுழையும் பந்தைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. உருண்டை தொண்டையில் அடைத்தால் காற்றுப் போக இடுக்கே இருக்காது என்பதுதான் காரணம்.

இந்த உருளையை வீட்டிலேயே செய்யலாம். அலமாரியில் கிடக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை எடுங்கள். சரியாக 10 சென்டிமீட்டர் நீளம், 5.7 சென்டிமீட்டர் அகலம் வெட்டி, 10 சென்டிமீட்டர் பக்கம் வட்டமாக வரும்படி சுருட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து (ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்) டேப் ஒட்டுங்கள். உள் விட்டம் ஏறத்தாழ 31.8 மில்லிமீட்டர் வரும். பந்துக்கு 14 சென்டிமீட்டர் துண்டு. அதைச் சுருட்டினால் ஏறத்தாழ 44.5. நான் இரண்டையும் செய்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பொருளும் அதைத் தாண்டித்தான் பிள்ளையிடம் போகும்.

போட்டுப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், சர்ரென்று உள்ளே போகும். புளியங்கொட்டை, கொலுசு முத்து, தோட்டின் திருகாணி எல்லாம் சொல்லவே வேண்டாம். டேபிள் டென்னிஸ் பந்து 40 மில்லிமீட்டர். பெரியதாகத் தெரிந்தாலும் பந்து வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்துவிடும்.

இரண்டு: உடைந்தால் என்ன ஆகும். புதிதாக இருக்கும்போது எந்தப் பொம்மையும் பெரிதாகத்தான் இருக்கும். கீழே விழுந்து, கடிபட்டு, அண்ணன்காரன் பிடித்து இழுத்த பிறகு அதிலிருந்து என்ன கழன்று வரும் என்பதுதான் கேள்வி. சோதனைச் சாலையில் பொம்மையைக் கீழே போடுவார்கள், முறுக்குவார்கள், கண், மூக்கு, சக்கரம் போன்றவற்றைச் சுமார் ஏழு கிலோ எடை தொங்குகிற விசையில் இழுப்பார்கள். அப்போது கழலும் துண்டும் அந்த உருளைக்குள் அடங்கக் கூடாது. வீட்டில் அவ்வளவு வேண்டாம், நம் கையால் நன்றாக முறுக்கி இழுத்தாலே பாதி தெரிந்துவிடும்.

மூன்று: உள்ளே என்ன இருக்கிறது, மேலே என்ன பூசியிருக்கிறது. உள்ளே என்றால் பொத்தான் பேட்டரி, காந்தம், விதை, கல். மேலே என்றால் பெயிண்ட்.

நாலு: நாளைக்கு ஒரு குறை தெரியவந்தால் நம்மை யார் கூப்பிடுவார்கள். ரீகால், அதாவது விற்ற பொருளைக் குறை கண்டு திரும்பப் பெறுவது, இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், பில் எதுவும் இல்லாத பொம்மையை உலகத்தில் யாராலும் திரும்பப் பெற முடியாது.

விலையை வேண்டுமென்றேதான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கீழே ஒவ்வொன்றிலும் வெளியே தெரியாத செலவைச் சொல்கிறேன்.

## கடையில் பெட்டியோடு வாங்கும் ஐஎஸ்ஐ பொம்மை

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைக்கு இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் செய்து இங்கே விற்றாலும் இதே விதிதான். முத்திரைக்கு மேல் ஐஎஸ் 9873 என்று இருக்கும். பேட்டரி, மின்சாரத்தில் ஓடுவதென்றால் ஐஎஸ் 15644. கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்த ஊர், உரிமம் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே அரை நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பெட்டியில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சிலர் "சிஇ போட்டிருக்கே" என்பார்கள். அது ஐரோப்பாவுக்கான முத்திரை. பெரும்பாலான பொம்மைகளில் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. இங்கே ஐஎஸ்ஐக்கு அது பதிலாகாது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? 2019 இல் இந்தியத் தர கவுன்சில் டெல்லி வட்டாரத்தில் 121 வகை பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. இறக்குமதிப் பொம்மைகளில் ஏறத்தாழ 67 சதவீதம் தேறவில்லை. சட்டம் வந்த பிறகும் எல்லாம் சீராகிவிடவில்லை. 2023 ஜனவரியில், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் பெரிய கடைகளிலிருந்து 18,600 பொம்மைகளை முத்திரை இல்லாததால் பறிமுதல் செய்ததாக அரசு சொன்னது. ஏசி போட்ட கடை, மால் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் சரி, மாலில் வாங்கினாலும் சரி, முத்திரையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தவறு நம் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. "3 வயதுக்கு மேல்" என்று பெட்டியில் இருந்தால், "எம் பிள்ளை விவரமான பிள்ளை, அதெல்லாம் விளையாடுவான்" என்று வாங்கிவிடுகிறோம். அந்த எண் அறிவைப் பற்றியது அல்ல. அழும் குழந்தை முகத்தின் மேல் கோடு போட்டு 0-3 என்று ஒரு வட்டம் இருந்தால், இதில் தொண்டையில் அடைக்கும் துண்டு இருக்கிறது என்று பொருள். எவ்வளவு விவரமான பிள்ளைக்கும் மூச்சுக்குழல் அதே சின்ன அளவுதான்.

பேட்டரிப் பொம்மையின் மறைமுகச் செலவு அதன் மூடி. பொத்தான் பேட்டரியில் ஒரு வகை 20 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே இது நடக்கலாம். ஆகவே பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும், நகத்தால் திறக்கக் கூடாது. முதல் தடவை பேட்டரி மாற்றும்போது நாமே அந்த ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டு டேப் ஒட்டுகிறோம் பாருங்கள், அன்றோடு அந்தப் பொம்மையின் பாதுகாப்புப் போய்விடுகிறது. ஒரு வயது வரைக்கும் பேட்டரிப் பொம்மையே தேவையில்லை என்பது என் கருத்து.

எப்போது இதுவே நல்லது: ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை, வாயில் வைக்கும் பிள்ளைக்கு. கிலுக்கு, அடுக்கு வளையம், கடிக்கும் வளையம் மூன்றையும் நான் இந்த வகையில் மட்டும்தான் வாங்குவேன். இரண்டே இரண்டு வாங்கினாலும் போதும்.

## ஆன்லைனில் வருவது

இதையும் மேலே சொன்னதோடு சேர்த்துவிடலாம். ஒரு வித்தியாசம்தான் உண்டு. படத்தில் முத்திரை தெரியாது. பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் ஐஎஸ்ஐ, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, வாடிக்கையாளர் எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டலத்தில் விற்கும் எந்தப் பொருளுக்கும் இவை சட்டப்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஆர்டர் விவரம் ஃபோனிலேயே இருப்பதால் நாலாவது கேள்விக்கு இது கொஞ்சம் வசதி, பில் தொலையாது.

தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் ஜெல்லி உருண்டைகளை மட்டும் எந்தத் தள்ளுபடியிலும் வாங்காதீர்கள். கடுகு மாதிரி உள்ளே போய்க் குடலில் கோலி மாதிரி ஆகிவிடும். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் இப்படி ஒரு விளையாட்டுப் பெட்டியைச் சுமார் 52,000 எண்ணிக்கையில் திரும்பப் பெற்றார்கள். அதற்கு முன் பத்து மாதக் குழந்தை ஒன்று இறந்திருந்தது. அக்காவுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான் தம்பியின் வாய்க்குப் போவது எந்த வீட்டிலும் நடக்கும்.

## மரச்செப்பும் பிற கைவேலைப் பொம்மைகளும்

திருமங்கலத்து மாமியார் சொன்னதில் பாசம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கடைசல் செப்பு, கர்நாடகத்துச் சன்னபட்னாவின் அரக்குப் பூசிய பொம்மைகள் இவை நம் கைவினைஞர்களின் பெருமை. கடைசலில் மரம் சுற்றும்போதே அரக்கை அழுத்திப் பூசுவது பழைய முறை. அந்தப் பூச்சு பெயிண்ட் போல் உரியாது. பேட்டரி கிடையாது, காந்தம் கிடையாது.

ஆனால் செப்புப் பெட்டியைத் திறந்து என் 10 சென்டிமீட்டர் உருளையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அம்மிக் குழவி உள்ளே போனது. ஆட்டுக்கல் குழவி போனது. கிண்ணம், கரண்டி, பானை மூடி எல்லாம் போயின. குடம் மட்டும் வாயிலேயே நின்றது. செப்பு என்பது சோறு பொங்கி விளையாடும் வயதுக்கானது, நாலு ஐந்து வயதுப் பிள்ளைக்கு. நம் அப்பத்தாக்களும் அந்த வயதில்தான் கொடுத்தார்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு அது பொம்மையே அல்ல, தொண்டை அளவுக்குச் செதுக்கிய மரத்துண்டு. இப்படிச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மரத்தில் தவழும் பிள்ளைக்கு ஏற்றது நடைவண்டி. பிடித்து எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. சக்கரத்து ஆணியும், முன்னால் கோத்திருக்கும் உருண்டைகளும் ஆடுகின்றனவா என்று வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். (உள்ளே உட்கார வைத்து உருட்டும் வாக்கரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கனடா அந்த வாக்கரை 2004 லேயே தடை செய்துவிட்டது.)

சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் ஐஎஸ்ஐ கட்டாயமில்லை. அந்தத் தொழில் அழியக் கூடாது என்பதற்காக வந்தது, சரியான முடிவு. ஆனால் அதனால் சோதிக்கும் வேலை நம் கைக்கு வந்துவிடுகிறது. வாங்கும்போது "இது அரக்கா, பெயிண்டா?" என்று கேளுங்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். பெயிண்ட் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை என்றால், வாயில் வைக்கும் பிள்ளைக்கு வேண்டாம். விளாச்சேரியில் செய்யும் களிமண் பொம்மைகளும் அப்படித்தான். கொலுவில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு, பிள்ளை கடிக்க அல்ல.

பனையோலைக் கிலுகிலுப்பை பற்றியும் கேட்கிறார்கள். உள்ளே இருப்பது விதையோ சின்னக் கல்லோதான். ஓலை ஈரத்தில் நைந்தால் அது கையில் கொட்டும். பிள்ளையின் எச்சிலே அந்த ஈரத்துக்குப் போதும். நாம் கையில் வைத்து ஆட்டிக் காட்டலாம், பிள்ளை கையில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக முடியாது.

மறைமுகச் செலவு: மரம் தண்ணீரில் ஊறக் கூடாது, ஆகவே பிளாஸ்டிக் போல் கழுவ முடியாது. கீழே விழுந்து விழுந்து சிராய் எழும், அதைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

## திருவிழாக் கடை, ரோட்டோரக் கடை

சித்திரைப் பொருட்காட்சி, தெப்பக்குளம், கோயில் வாசல். புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளை இதில் சேர்க்கவில்லை. அவை நிலையான கடைகள், நாளைக்குப் போனாலும் அதே ஆள் இருப்பார், கேட்கலாம். நான் சொல்வது இன்று இருந்து நாளை இல்லாத கடை. அந்த வியாபாரிகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கி வந்து விற்பவர்கள்தான். ஆனால் நாலு கேள்வியில் ஒன்றுக்கும் அங்கே பதில் கிடையாது.

இங்கே மூன்று சாமான்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பலூன். இதை யாரும் நம்புவதில்லை. பொம்மைகளால் மூச்சடைத்து இறக்கும் பிள்ளைகளின் கணக்கில் நீண்ட காலமாக முன்வரிசையில் இருப்பது ரப்பர் பலூன். அமெரிக்காவில், ஊதாத பலூனும் வெடித்த துண்டும் 8 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் மூச்சை அடைக்கலாம் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போட வேண்டும். எட்டு வயது! துண்டு தொண்டையில் போய்ப் படிந்து ஒட்டிக்கொள்ளும், தட்டினாலும் எளிதில் வராது. பெரியவர் கையில் பிடித்துக் காட்டுங்கள். வெடித்தால் கடைசித் துண்டு வரை பொறுக்கிவிட்டுத்தான் பிள்ளையைத் தரையில் விட வேண்டும்.

இரண்டாவது, ராத்திரியில் மின்னும் மோதிரம், கொம்பு, விசிறி. எல்லாவற்றிலும் பொத்தான் பேட்டரி. மூடி பெரும்பாலும் வெறும் அழுத்து மூடி.

மூன்றாவது, எங்கள் வீட்டு வாத்து. விசில் வைத்த எந்த ரப்பர் பொம்மையையும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். விசில் தனித் துண்டாகச் செருகியிருந்தால் அது ஒரு நாள் வெளியே வரும்.

எப்போது இது சரி: ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு, வீட்டில் கைக்குழந்தை இல்லை என்றால். காகிதக் காற்றாடி, துணிப் பொம்மை மாதிரி எளியவற்றை வாங்குங்கள். திருவிழா சந்தோஷத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்கச் சொல்லவில்லை.

## சொந்தக்காரர் கொடுக்கும் பழைய பொம்மை

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இலவசம், நல்ல பிராண்ட், அன்போடு வருகிறது. மூன்றும் சேர்ந்து நம் கண்ணை மறைத்துவிடும்.

பெரிய பிராண்டுகளும் தவறு செய்திருக்கின்றன. 2007 ஆகஸ்டில் ஃபிஷர்-பிரைஸ் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9.67 லட்சம் பொம்மைகளை, பெயிண்டில் ஈயம் இருந்ததால் திரும்பப் பெற்றது. அதே மாதம் அதன் தாய் நிறுவனம் மேட்டல் காந்தம் கழலும் பொம்மைகளையும் திரும்பப் பெற்றது. இரண்டு காந்தம் உள்ளே போனால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்து ஓட்டை போட்டுவிடும். அந்த ஆண்டு நடந்தவற்றுக்குப் பிறகுதான் 2008 இல் அமெரிக்காவில் புதிய கடுமையான சட்டம் வந்தது.

இன்னொன்று பொம்மை அல்ல, ஆனால் இப்படிப்பட்ட பெட்டிகளில் வரக்கூடியது. ராக் அண்ட் ப்ளே என்ற சாய்வுத் தொட்டில். 2019 ஏப்ரலில் 47 லட்சம் தொட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதே அறிவிப்பை மறுபடியும் வெளியிட வேண்டி வந்தது. ஏனென்றால் திரும்பப் பெற்ற பிறகும் குழந்தைகள் அதில் இறந்தார்கள். ரீகால் செய்தி முதலில் வாங்கியவருக்குத்தான் போகிறது. அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து மதுரைக்கு வந்த பொருளைத் தேடி அது வருவதில்லை.

ஆகவே பெட்டி வருவதற்கு முன்பே நாத்தனாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் பிராண்ட் பெயர், மாடல் எண், தயாரித்த தேதி. அமெரிக்காவில் விற்கும் குழந்தைப் பொருள்களில் இந்த விவரம் இருக்க வேண்டும். அந்த நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். ஐரோப்பாவில் வாங்கியது என்றால் சேஃப்டி கேட் என்ற பட்டியல் இருக்கிறது. "வேணாம் மதினி" என்று சொல்லி மனக்கசப்பை வாங்குவதைவிட, "நம்பரை மட்டும் அனுப்புங்க மதினி, டாக்டர் பாக்கச் சொன்னாங்க" என்றால் அவருக்கும் உறுத்தாது.

பட்டியலில் இல்லை என்றாலும் பழசு பழசுதான். பொம்மைக் கண் நூலில் தொங்குகிறதா, தையல் விட்டுப் பஞ்சு தெரிகிறதா, பிளாஸ்டிக் வெடித்திருக்கிறதா, பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். கயிறு கட்டி இழுக்கும் பொம்மை என்றால் ஒன்றரை வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் கயிறு 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த அரை நாள் வேலைதான் இலவசப் பொம்மையின் விலை.

ரீகால் ஆன பொருள் என்று தெரிந்துவிட்டால் பழைய சாமான் வண்டியில் அப்படியே போடாதீர்கள். அது துடைத்து, வேறொரு வீட்டுப் பிள்ளையிடம் போகும். உடைத்துப் போடுங்கள்.

எப்போது இது நல்லது: ஒரே துண்டாக வார்த்த பெரிய பிளாஸ்டிக் கட்டைகள், அடுக்குக் கோப்பைகள், துணிப் புத்தகம். இவற்றைக் கழுவிக் கொடுத்தால் புதிது மாதிரிதான்.

## ஒரே பார்வையில்

| | தொண்டை அளவுத் துண்டு | உடைந்தால் | பூச்சு, உள்ளீடு | குறை என்றால் யாரைப் பிடிப்பது |
|---|---|---|---|---|
| கடையில் ஐஎஸ்ஐ பொம்மை | வயது பார்த்து வாங்கினால் இருக்கக் கூடாது | சோதித்தது | சோதித்தது. பேட்டரி மூடியை நாம் பார்க்க வேண்டும் | பில், உரிம எண் உண்டு |
| ஆன்லைன் | பெட்டி வந்த பிறகே தெரியும் | முத்திரை இருந்தால் சோதித்தது | அதே | ஆர்டர் விவரம் உண்டு |
| மரச்செப்பு | நிறைய | சிராய் | அரக்கு நல்லது. பெயிண்ட் கேட்டு வாங்க வேண்டும் | தெரிந்த கைவினைஞர் என்றால் அவர் |
| நடைவண்டி | ஆணி, உருண்டையைப் பார்க்கவும் | சரி செய்யலாம் | அதே | அதே |
| திருவிழாக் கடை | அதிகம் | துண்டு துண்டாக | தெரியாது | யாரும் இல்லை |
| பழைய பொம்மை | நாமே அளக்க வேண்டும் | ஏற்கெனவே நைந்திருக்கும் | ரீகால் பட்டியல் பார்க்க வேண்டும் | மாடல் எண் இருந்தால் வழி உண்டு |

இந்தப் பட்டியலில் சேராத ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. சில்வர் தம்ளர், பெரிய கரண்டி, மூடி, பழைய வேட்டியில் சுருட்டிக் கட்டிய துணிப் பந்து. எட்டு மாதப் பிள்ளை இவற்றோடு விளையாடும் நேரத்துக்கு எந்தக் கடைப் பொம்மையும் ஈடாகாது. விளிம்பு கூர்மையாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். பொம்மையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, நம் ஊரில் பிள்ளைகளுக்குப் புரையேறுவதில் நிலக்கடலைக்கு இருக்கும் பங்கையும் மறக்கக் கூடாது. பொம்மையை அளந்து கொடுத்துவிட்டுத் தரையில் கடலையைச் சிதறவிட்டால் அத்தனையும் வீண்.

## எதை வாங்கினாலும் தெரிந்திருக்க வேண்டியது

பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள், அதுவே வெளியே தள்ளும். சத்தம் நின்றுபோனால்தான் ஆபத்து. ஒரு வயதுக்குக் கீழ் என்றால்: முன்கையில் கவிழ்த்து, தாடையைத் தாங்கி, தலை தாழ இருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, மார்புக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நெஞ்செலும்பில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. வரும்வரை மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் என்றால் ஐந்து முதுகுத் தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேல் உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவர் 108 ஐக் கூப்பிடட்டும். நினைவு தப்பினால் 108 இல் சொல்கிறபடி உடனே நெஞ்சு அழுத்தத் தொடங்குங்கள்.

பொருள் வெளியே வந்துவிட்டாலும், பிறகு விடாத இருமலோ இழுப்போ இருந்தால் டாக்டரிடம் "வாயில் பொம்மை வைத்திருந்தான்" என்று மறக்காமல் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. பேட்டரி என்று சந்தேகம் வந்தாலே காத்திருக்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், நேராகப் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

முத்திரை இல்லாத பொம்மையை ஒரு கடை விற்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இல் சொல்லலாம், பிஐஎஸ் கேர் செயலியிலும் புகார் கொடுக்கலாம். திரும்பப் பெறச் சொல்ல 2016 பிஐஎஸ் சட்டத்திலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அதிகாரம் இருக்கிறது. அதற்குப் பில்லும் பெட்டியும் வேண்டும். நான் பெட்டியின் முத்திரைப் பக்கத்தை மட்டும் வெட்டி, பில்லோடு சேர்த்துத் தடுப்பூசி அட்டைக்குள் வைத்துவிடுவேன்.

## திருமங்கலத்துத் தங்கைக்கு

மாமியாரிடம் செப்பு வேண்டாமென்று சொல்லாதீர்கள். "வாங்குங்க அத்தை, நாலு வயசுல எடுத்துக் கொடுப்போம்" என்று சொல்லி வாங்கி மேலே வையுங்கள். இப்போதைக்கு ஒரு நடைவண்டி கேளுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்காரர் தேர்ந்து வைத்த ஆறில் பேட்டரி உள்ளவற்றையும் "3+" என்று இருப்பவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு கிலுக்கும் ஒரு அடுக்கு வளையமும் வாங்கச் சொல்லுங்கள். திருவிழாவில் பிள்ளைக்கு அழகரையும் கூட்டத்தையும் காட்டினால் போதும், பலூன் உங்கள் கையில் இருக்கட்டும்.

நாத்தனார் பெட்டியைக் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பொம்மையின் அடியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாடல் எண்ணைப் படிக்க முடியவில்லை என்றால் எனக்கு அனுப்பி வையுங்கள், சேர்ந்து தேடுவோம்.